தட்டல் முறையும் மனப்பதற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதற்றம் வரும்போது விரல் நுனியால் முகத்திலும் மார்பிலும் தட்டிக்கொள்ளும் முறையைப் பற்றி, ஆலோசனைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை பலருக்கு உதவுகிறது, நானும் கற்றுத் தருகிறேன். ஆனால் அது ஏன் உதவுகிறது என்பதற்கு, தட்டினால் உடம்பில் சக்தி ஓட்டத்தின் தடை நீங்குகிறது என்று சொல்லப்படும் விளக்கத்தை நான் ஏற்கவில்லை. கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை.

தட்டல் முறை என்றால் என்ன?

மனதை வருத்தும் ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டு, அதை வாய்விட்டுச் சொல்லியபடி, முகம், மார்பு, கை ஆகியவற்றில் குறிப்பிட்ட சில இடங்களை விரல் நுனியால் மெதுவாகத் தட்டுவது. அவ்வளவுதான். ஊசி, மருந்து, கருவி எதுவும் கிடையாது. இ.எஃப்.டி (எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ்), டேப்பிங் என்றெல்லாம் இதைச் சொல்வார்கள். அக்குபங்சரில் ஊசி போடும் புள்ளிகள் சிலவற்றையே இதிலும் பயன்படுத்துகிறார்கள். அக்குபங்சரில் நோயாளி சும்மா படுத்திருந்தால் போதும். இங்கே அது போதாது. வருத்தும் விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டே தட்ட வேண்டும். பலர் தட்டுவதை மட்டும் செய்துவிட்டு, இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இதை யார் தொடங்கினார்கள்?

1980 வாக்கில் ராஜர் கலஹன் என்ற அமெரிக்க உளவியலாளரிடம், தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் ஒரு பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். பல மாதமாகியும் பெரிய முன்னேற்றம் இல்லை. தண்ணீரை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது என்று ஒருநாள் அவர் சொன்னார். சீன மருத்துவத்தில் வயிற்றோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் புள்ளி ஒன்று கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அங்கே தட்டும்படி கலஹன் சொன்னாராம். பயம் போய்விட்டது என்று அந்தப் பெண் எழுந்து நேராக நீச்சல் குளத்தை நோக்கி நடந்தார் என்பது கலஹன் சொல்லிய கதை. அதன் பிறகு, ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு வரிசையில் தட்டும் தாட் ஃபீல்ட் தெரபி என்ற முறையை அவர் உருவாக்கினார்.

அவரிடம் கற்றவர் கேரி கிரெய்க். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர். எந்தப் பிரச்சினையானாலும் எல்லாப் புள்ளிகளையும் ஒரே வரிசையில் தட்டிவிட்டால் போதாதா என்று அவர் யோசித்தார். 1990களில் அவர் சுருக்கித் தந்த வடிவம்தான் இன்று பரவலாக இருக்கும் இ.எஃப்.டி. வரிசையைத் தூக்கி எறிந்த பிறகும் பலன் வந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சக்தி பற்றிய கேள்வியில் அதற்குத் திரும்ப வருகிறேன்.

எங்கெல்லாம் தட்ட வேண்டும்?

தொடக்கம் கையின் விளிம்பில். சுண்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சதைப்பற்றாக இருக்கும் பக்கம் அது. அடுத்து உச்சந்தலை. பிறகு முகத்தில் மேலிருந்து கீழே வாருங்கள்: மூக்கை ஒட்டிப் புருவம் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரத்து எலும்பு, கண்ணுக்கு நேர் கீழே கன்னத்து எலும்பின் மேல் விளிம்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் இடையே உள்ள பள்ளம். அப்புறம் காறை எலும்பு, கடைசியாக அக்குளுக்கு நான்கு விரற்கடை கீழே விலாப்புறம்.

காறை எலும்புப் புள்ளியில்தான் எல்லோருக்கும் குழப்பம். தொண்டைக்குக் கீழே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஒரு குழி தெரியும். அங்கே விரலை வைத்து ஓர் அங்குலம் கீழே இறக்கி, ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். லேசாக அழுத்தினால் சிலருக்கு அங்கே வலிப்பதுபோல் இருக்கும். புள்ளியைத் தேடிச் சிரமப்படுவதாக இருந்தால், நான்கு விரல்களையும் சேர்த்து அந்தப் பகுதி முழுவதையும் தட்டிவிடுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முதல் ஏழு தட்டு. எண்ண வேண்டாம், ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும் நேரம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். இடது, வலது எந்தப் பக்கமும் தட்டலாம். நாமே மேசையில் தாளம் போடுவோமே, அந்த அளவு விசை போதும். சிவந்துபோகும்படி தட்டினால் வேகமாகக் குணமாகும் என்பதெல்லாம் இல்லை.

ஒரு சுற்றை முதலிலிருந்து கடைசிவரை காட்டுங்களேன்.

ஒருவருக்கு நாளை வேலைக்கான நேர்காணல் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்ய வேண்டியது பிரச்சினையைச் சின்னதாகவும் துல்லியமாகவும் சொல்வது. 'எனக்கு ரொம்ப டென்ஷன்' என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. 'நாளைக்கு அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது' என்றால் வேலை தொடங்கலாம்.

அடுத்தது மதிப்பெண். அந்தக் கதவை இப்போது மனக்கண்ணில் பார்க்கும்போது அடைப்பு எவ்வளவு? கொஞ்சமும் இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. நம்மவர் எட்டு என்கிறார். இந்த அளவுகோலை இ.எஃப்.டி கண்டுபிடிக்கவில்லை. பயங்களுக்கான நடத்தைச் சிகிச்சையில் முன்னோடியான ஜோசஃப் வோல்பி 1960களில் பயன்படுத்தியது. அவர் நூறு வரை வைத்திருந்தார், இப்போது பத்து வரை என்று சுருக்கிக்கொண்டார்கள்.

பிறகு கை விளிம்பைத் தட்டியபடி மூன்று முறை சொல்கிறார்: 'அந்தக் கதவை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது, இருந்தாலும் என்னை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.' அதன் பின் உச்சந்தலையில் தொடங்கி ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிக்கொண்டு வருகிறார். ஒவ்வோர் இடத்திலும் நினைவூட்டும் ஒரு சின்னச் சொல்: 'தொண்டை அடைப்பு', 'அந்தக் கதவு', 'இந்த அடைப்பு'. அக்குளுக்குக் கீழே முடித்ததும் ஒரு நீண்ட மூச்சு. மீண்டும் மதிப்பெண். ஆறு.

இன்னொரு சுற்று. ஐந்து. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அப்போது அவருக்குத் திடீரென்று வேறொன்று நினைவுக்கு வருகிறது. போன முறை பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரே இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் முகம் சுடுகிறது, ஒன்பது என்கிறார். கதவுப் பயத்துக்கு அடியில் இருந்தது இதுதான். இப்போது கதவை விட்டுவிட்டு, 'அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எனக்கு அவமானமாக இருந்தது' என்று தட்ட வேண்டும். இது மூன்றுக்கு வந்த பிறகு கதவுக்குத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது.

மொத்தம் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று நிற்க வேண்டாம். நேர்காணலுக்கு முன் இரண்டோ மூன்றோ இருப்பது ஆரோக்கியமான பதற்றம்.

'என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்று மனசாரச் சொல்ல வரவில்லை. என்ன செய்வது?

அப்படியானால் சொல்லாதீர்கள். தன்மேலேயே கோபத்தில் இருப்பவருக்கு அந்த வரி பொய்யாகத்தான் ஒலிக்கும், பொய்யைச் சொல்லிக்கொண்டே அமைதியாக முடியாது. உங்களால் உண்மையாகச் சொல்ல முடிந்த அளவுக்கு அதை இறக்கிக்கொள்ளுங்கள். 'இப்போதைக்கு இப்படித்தான் இருக்கிறேன்.' 'என்மேல் எனக்குக் கோபம்தான், ஆனாலும் இன்றைக்கு இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.' 'இதிலிருந்து வெளியே வர ஆசைப்படுகிறேன்.' எதுவானாலும் சரி. அழகான வாக்கியத்தைவிட உண்மையான வாக்கியம்தான் இங்கே வேலை செய்கிறது.

எதிர்மறையாகவே சொல்லிக்கொண்டிருந்தால் அது மனதில் பதிந்துவிடாதா?

இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. 'நல்லதையே நினை' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்வதே தப்பு செய்வதுபோல் இருக்கும். ஆனால் அந்தப் பயம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நீங்கள் புதிதாக எதையும் விதைக்கவில்லை. உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தால் அதன் வேகம் தணிகிறது என்பது உளவியலில் நன்றாகவே கவனிக்கப்பட்ட விஷயம். அமுக்க அமுக்கத்தான் அது திமிறும். மதிப்பெண் இறங்கிய பிறகு 'நான் இதைச் சமாளிப்பேன்' போன்ற வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். எட்டில் இருக்கும்போது சொன்னால் மனம் நம்பாது.

தட்டுகிறேன், மதிப்பெண் அசையவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் பிரச்சினையைப் பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 'தன்னம்பிக்கை இல்லை', 'வாழ்க்கையே வெறுப்பு' என்பவை பிரச்சினைகளின் மூட்டைகள். மூட்டையிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுங்கள்: எந்த நாள், யார் பேசினார்கள், உடம்பில் எந்த இடத்தில் என்ன செய்தது.

வாய் சொல்லிக்கொண்டிருக்க மனம் வேறெங்கோ இருப்பது இன்னொரு காரணம். காணொளியில் வருபவர் சொல்லும் வரிகளை அப்படியே திருப்பிச் சொல்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அவருடைய வரிகள் அவருடைய பிரச்சினையைப் பற்றியவை. சில சமயம் மதிப்பெண் ஏறவும் செய்யும். அது தோல்வியல்ல, மனம் மறைத்து வைத்திருந்த ஒரு பகுதி வெளியே வந்திருக்கிறது. ஒன்பது, பத்தில் நின்று பல சுற்றுக்குப் பிறகும் இறங்கவில்லையென்றால் மட்டும் அந்த விஷயத்தைத் தனியாகத் தொடாதீர்கள்.

உடம்பில் சக்தி ஓடும் பாதைகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

கிரெய்க்கின் விளக்கப்படி எல்லா எதிர்மறை உணர்ச்சிக்கும் காரணம், மெரிடியன் எனப்படும் பாதைகளில் சக்தி ஓட்டம் தடைபடுவது. தட்டினால் தடை நீங்குகிறது. நரம்பையும் ரத்தக் குழாயையும்போல இந்தப் பாதைகளை உடற்கூறியலில் யாரும் காட்டியதில்லை. அந்தச் சக்தியை அளக்கும் நம்பகமான கருவியும் இல்லை. அதனால் இதை ஒரு பாரம்பரிய மருத்துவத்தின் விளக்க மொழியாக மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 2003இல் வெளியான வெய்ட், ஹோல்டர் இருவரின் ஆய்வில் 119 பல்கலைக்கழக மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு சரியான புள்ளிகளில் தட்டியது. இன்னொன்று கையில் சம்பந்தமில்லாத இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு தங்கள் உடம்பைத் தொடவே இல்லை, ஒரு பொம்மையைத் தட்டினார்கள். நான்காவது குழு காகிதத்தில் பொம்மை செய்துகொண்டிருந்தது. தட்டிய மூன்று குழுக்களிலும் பயம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது, காகிதக் குழுவில் குறையவில்லை. பொம்மையைத் தட்டும்போதும் விரல் நுனியில் உள்ள புள்ளிகள் தூண்டப்படுகின்றனவே என்று இ.எஃப்.டி ஆதரவாளர்கள் மறுப்புச் சொன்னார்கள். பின்னாளில் ஆசிரியர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் சரியான புள்ளிகளில் தட்டியவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்ததும் உண்மை. ஆக, விவாதம் முழுதாக முடிந்துவிடவில்லை. ஆனால் கலஹன் தட்டும் வரிசை முக்கியம் என்றார், கிரெய்க் வரிசையை விட்டார், பலன் நின்றுவிடவில்லை. பொம்மையைத் தட்டினாலும் பயம் குறைகிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, பலனுக்குக் காரணம் புள்ளிகளில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

அப்படியானால் எதனால் பலன் கிடைக்கிறது?

ஒரு சுற்றில் நீங்கள் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று பாருங்கள். இதுவரை விலகி ஓடிய ஒரு நினைவை, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் நேருக்கு நேர் பார்த்தீர்கள். பயத்தைக் குறைக்க நடத்தைச் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாகச் செய்வதும் இதைத்தான். அந்த உணர்வுக்குப் பெயர் வைத்தீர்கள். உடம்பில் எந்த இடம் என்று கவனித்தீர்கள். மதிப்பெண் போட்டீர்கள், அதற்காகவே பயத்திலிருந்து ஓரடி தள்ளி நிற்க வேண்டியிருந்தது. உங்களை நீங்களே திட்டுவதைச் சற்று நிறுத்தினீர்கள். மூச்சு சீரானது. கூடவே, தட்டும் விரலும் சொல்லும் வாயும் கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டதால், நினைவு முழு வேகத்தில் தாக்க முடியவில்லை.

கண்ணை இடமும் வலமும் அசைக்கச் செய்து பழைய நினைவுகளுக்குச் சிகிச்சை தரும் இ.எம்.டி.ஆர் முறையிலும் இந்தக் கடைசி அம்சம் உண்டு. 1980களின் இறுதியில் ஃபிரான்சின் ஷபீரோ உருவாக்கியது அது. நினைவைத் திறந்து வைத்திருக்கும்போது கவனத்தைப் பங்குபோட்டால், அந்த நினைவின் கூர்மை மழுங்குகிறது என்று ஒரு விளக்கம் இருக்கிறது. தட்டலுக்கும் அது பொருந்தலாம்.

இதையெல்லாம் சொன்னால், 'அப்போ தட்டவே வேண்டாமா?' என்று கேட்கிறார்கள். தட்டுங்கள். பயத்தைத் தனியாக நேருக்கு நேர் பார்க்கச் சொன்னால் பெரும்பாலோர் பார்க்க மாட்டார்கள். கைக்கு ஒரு வேலை, வாய்க்கு ஒரு வரி, அடுத்து எந்த இடம் என்ற ஒழுங்கு இருந்தால் பார்க்கிறார்கள். அந்தத் துணிவைக் கொடுப்பதே பெரிய உதவி.

ஆராய்ச்சி முடிவுகள் எப்படி இருக்கின்றன?

எண்ணிக்கையில் குறைவில்லை, தரத்தில்தான் ஏற்ற இறக்கம். பதற்றத்துக்கான 14 ஆய்வுகளை, மொத்தம் 658 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2016இல் வந்தது. இ.எஃப்.டி செய்தவர்களின் பதற்றம் கணிசமாகக் குறைந்ததாக அது சொல்கிறது. 2011இல் வெளியான ஒரு ஸ்காட்லாந்து ஆய்வில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உள்ள 46 பேரில் பாதிப் பேருக்கு இ.எஃப்.டியும் பாதிப் பேருக்கு இ.எம்.டி.ஆரும் கொடுத்தார்கள், இரண்டிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மன அழுத்தத்தின்போது உடல் சுரக்கும் கார்டிசால் பற்றியும் ஆய்வுகள் உண்டு. 83 பேரை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேர இ.எஃப்.டிக்குப் பிறகு கார்டிசால் சராசரியாக 24 சதவீதம் இறங்கியது. பேச்சு ஆதரவு பெற்றவர்களுக்கும் சும்மா ஓய்வெடுத்தவர்களுக்கும் சுமார் 14 சதவீதம். 53 பேரை வைத்து 2020இல் அதைத் திரும்பச் செய்தபோது இ.எஃப்.டி குழுவில் 43 சதவீதம் இறக்கம் தெரிந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகள் பலவற்றில் ஆட்கள் குறைவு. பல ஆய்வுகளைச் செய்தவர்களே இ.எஃப்.டி பயிற்சி தருபவர்கள். தட்டியவர்களை, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு மட்டும் ஒப்பிட்டவையும் உண்டு. யாராவது நம்மைக் கவனிக்கிறார்கள் என்றாலே பதற்றம் கொஞ்சம் குறையும், ஆகவே அப்படிப்பட்ட ஒப்பீடு பலனைப் பெரிதாகக் காட்டிவிடும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைக்கப்பட்டவற்றில் முக்கியமானவை, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் இ.எம்.டி.ஆரும். ஆகவே உறுதியான சான்றுள்ள சிகிச்சை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதைத் தள்ளிவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

பேனிக் அட்டாக் வரும்போது தட்டலாமா?

தட்டலாம், ஆனால் முழுச் சுற்று, வாக்கியம், மதிப்பெண் எதுவும் அப்போது சாத்தியமில்லை. காறை எலும்புப் பகுதியை மட்டும் நான்கு விரலாலும் தட்டிக்கொண்டு, வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக விடுங்கள். 'இது பேனிக், ஏறும், இறங்கும்' என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். அதன் உச்சம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும், பிறகு தானாகவே தணியும்.

இரண்டு எச்சரிக்கை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் முதல் முறையாக வந்தால் அதைப் பேனிக் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடிக்கடி பேனிக் வருபவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. 'தட்டியதால்தான் தப்பித்தேன்' என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், தட்ட முடியாத இடத்துக்குப் போகவே பயம் வந்துவிடும். அதனால் பதற்றம் லேசாக இருக்கும் சமயங்களில் தட்டாமலேயே அதை ஏறி இறங்க விட்டுப் பழகுங்கள்.

திரும்பத் திரும்பக் கை கழுவுவது, சரிபார்ப்பது போன்ற ஓ.சி.டி இருக்கிறது. எனக்கு உதவுமா?

இதில் நான் தயங்குவேன். ஓ.சி.டி உள்ளவருக்கு, ஒரு வரிசையில், ஒரு எண்ணிக்கையில், சரியாகத் தட்ட வேண்டும் என்பதே புதியதொரு சடங்காக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. இதற்கென்றே நன்கு நிறுவப்பட்ட சிகிச்சை உண்டு. பயத்தைத் தூண்டும் சூழலில் நின்று சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது அது. தட்டல் அதற்கு நேர் எதிராகப் போய்விடக்கூடும். அந்தச் சிகிச்சை தெரிந்தவரிடம் முதலில் போங்கள்.

சிறு வயதில் நடந்த பெரிய கொடுமைகளுக்கு நானே தட்டிக்கொள்ளலாமா?

தனியாக வேண்டாம். வன்முறை, பாலியல் கொடுமை, விபத்தில் உறவினரை இழந்தது போன்ற நினைவுகள் திறந்தால் வேகமாகத் திறக்கும், மூடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தட்டிக்கொண்டிருக்கும்போது உடம்பு மரத்துப்போவது, சுற்றி இருப்பதெல்லாம் கனவுபோல் தெரிவது, நேரம் போனதே தெரியாமல் போவது இவற்றில் ஏதாவது வந்தால் நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, அறையில் இருக்கும் பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கையை நனையுங்கள். அன்றைக்கு மீண்டும் அந்த நினைவுக்குப் போகாதீர்கள்.

செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் அது தட்டலுக்கான நேரமே இல்லை. அந்த நிமிடமே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். உதவி எண்ணையோ மருத்துவமனையையோ நாடுங்கள். சொன்னால் பாரமாக இருப்போமோ என்று யோசிக்காதீர்கள். உங்களை நேசிப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்ளத்தான் விரும்புவார்கள்.

தட்ட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. பதற்றத்துக்கான சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும். பென்சோடையசபின் வகை மாத்திரைகளில் வலிப்புகூட வரலாம். நன்றாக இருப்பதாகத் தோன்றினால் மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்லும் வேகத்தில் குறையுங்கள்.

பக்க விளைவு உண்டா?

உடம்புக்குப் பெரிதாக எதுவும் இல்லை. கொட்டாவி, கண்ணீர், அசதி வரலாம். முகத்தில் புண், தோல் அலர்ஜி, சமீபத்தில் கண் அறுவைச் சிகிச்சை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது தட்டாமல் விரலை வைத்து ஒரு மூச்சு விடுங்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லித் தரலாமா?

தரலாம். பரீட்சை பயம், இருட்டு பயம் போன்றவற்றுக்குக் குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மதிப்பெண்ணுக்குப் பதில் கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்: 'பயம் இவ்வளவு பெரிசா, இவ்வளவு பெரிசா?' வரிகளைக் குழந்தையே சொல்லட்டும். அழுகையை நிறுத்தவைக்கும் கருவியாக மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பதற்குப் பின்னால் யாரோ அடிப்பதோ மிரட்டுவதோ இருக்கலாம். அதை விசாரிக்காமல் தட்டிச் சமாதானப்படுத்தினால், அந்தக் குழந்தையை நாம் கைவிட்டதாக ஆகிவிடும்.

நாலு பேர் நடுவில் எப்படித் தட்டுவது?

மேசைக்கு அடியில் கை விளிம்பைத் தட்டலாம். காறை எலும்பில் உள்ளங்கையை வைத்துக்கொள்வது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. வரிகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

பயிற்சியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இ.எஃப்.டி சான்றிதழை ஒரு வாரக் கடைசியில்கூட வாங்கிவிடலாம். அதனால் அதை மட்டும் பார்க்காதீர்கள். உளவியலிலோ மனநலத்திலோ முறையாகப் படித்துவிட்டு, கூடுதலாக இதைக் கற்றவரா என்று கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே உங்கள் மருந்துகள், பழைய சிகிச்சை, தற்கொலை எண்ணம் பற்றியெல்லாம் விசாரிக்கிறாரா என்று கவனியுங்கள். விசாரிக்காதவரிடம் பெரிய நினைவுகளைக் கொடுக்காதீர்கள்.

புற்றுநோய், சர்க்கரை நோய், குழந்தையின்மை எல்லாவற்றையும் தட்டியே குணமாக்குவேன் என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். 'உங்களுக்குப் பலன் இல்லையென்றால் நீங்கள் முழு மனதோடு செய்யவில்லை' என்று பழியை உங்கள்மேல் போடுபவரிடமிருந்தும் விலகுங்கள். ஏற்கெனவே தன்னைக் குறைசொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய தீங்கு செய்ய முடியாது. இந்த முறையின் அடிப்படை இலவசமாகக் கற்றுக்கொள்ளக்கூடியது. 'ரகசிய' புள்ளிகளுக்கென்று மேல்நிலை வகுப்பு விற்றால் வாங்க வேண்டியதில்லை.

எவ்வளவு காலம் செய்து பார்க்கலாம்?

ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, தினமும் பத்து நிமிடம், மூன்று வாரம். ஒரு நோட்டில் தேதி, எந்தக் காட்சி, முன் மதிப்பெண், பின் மதிப்பெண் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் இறங்குவதை மட்டும் பலனாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லிஃப்ட் பயம் என்றால் லிஃப்டில் ஏறினீர்களா, போன் பேசப் பயம் என்றால் அந்த அழைப்பைச் செய்தீர்களா என்பதையும் ஐந்தாவது கட்டத்தில் எழுதுங்கள். அங்கே மாற்றம் இல்லையென்றால் இந்த முறை உங்களுக்கு ஒத்துவரவில்லை. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

தூக்கம், சாப்பாடு, வேலை, உறவு ஆகியவை பதற்றத்தால் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ இப்போதே பாருங்கள், தட்டுவதைக் கூடவே செய்துகொள்ளலாம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள். எந்தச் சூழலில் எவ்வளவு பதற்றம் வருகிறது, எது குறைகிறது, எது அசைய மறுக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் சந்திப்பில் வாயால் சொல்லித் தீராத பல விஷயங்களை அவர் அதிலிருந்தே தெரிந்துகொள்வார்.